புத்தி தெளிவாயிருக்கையில் செய்ய வேண்டியவை



இந்த மாதப் பாடத்துக்கு 2 சாமுவேல் 19-ம் அதிகாரம் 31 முதல் 39 வரையுள்ள வசனங்களை முதலில் வாசித்துவிடுங்கள். பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு வேதத்தை எடுங்கள், அவசரமில்லை. அதிலே பர்சிலா என்று ஒரு பெரியவர் வருகிறார். கிலெயாத் நாட்டார், ரோகிலிம் ஊர்க்காரர், பெரிய செல்வந்தர், வயது 80. அப்சலோமுக்குப் பயந்து தாவீது ஓடி வந்து மக்னாயீமில் தங்கியிருந்த நாட்களில் ராஜாவைப் போஷித்தவர். ஆபத்து நீங்கி ராஜா எருசலேமுக்குத் திரும்பும்போது, "நீரும் என்னோடே வாரும், உம்மை நான் பராமரிக்கிறேன்" என்ற கருத்தில் அவரை அழைக்கிறார். அரண்மனைச் சாப்பாடு, ராஜமரியாதை. யாருக்குக் கிடைக்கும்?

பர்சிலா போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். தனக்கு வயது எத்தனை என்று சொல்கிறார். நன்மை தின்மையைப் பகுத்தறிகிற திறன் குறைந்துபோனதைச் சொல்கிறார், ருசி தெரியாததைச் சொல்கிறார், பாட்டுச் சத்தம் காதில் விழாததைச் சொல்கிறார். ராஜாவுக்கு முன்பாக இதைச் சொல்ல வெட்கப்படவில்லை. பிறகு, தான் எங்கே இருந்து எங்கே மரிக்க விரும்புகிறார் என்பதைச் சொல்கிறார்: சொந்த ஊரில், தாய் தகப்பன் கல்லறை அருகே. கடைசியாக ஒரு ஆளைப் பேர் சொல்லி முன்னே நிறுத்துகிறார்: கிம்காம் என் ஸ்தானத்தில் வரட்டும் என்கிறார். ராஜாவும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, முத்தமிட்டு, ஆசீர்வதித்து அனுப்புகிறார்.

நான் பைபிள் காலேஜில் படித்தபோது இந்தப் பகுதியை "நன்றியறிதல்" என்ற தலைப்பில்தான் படித்தேன். அது சரிதான். ஆனால் பத்து வருஷமாக வாரநாட்களில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊழியம் செய்கிற எனக்கு, இப்போது இந்தப் பகுதி வேறு விதமாகப் பேசுகிறது. தன் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். தன் விருப்பத்தைச் சொன்னார். தனக்குப் பதிலாக ஒருவரை நியமித்தார். மூன்றையும் புத்தி தெளிவாயிருக்கும்போதே செய்தார். நம்முடைய வீடுகளில் எத்தனை பெரியவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். டிமென்ஷியா என்கிற மறதி வியாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வயதானால் மறதி வரத்தான் செய்யும். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுவது வியாதியல்ல. நாற்பது வருஷம் குழம்பு வைத்த அம்மா, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, இனி புளியை ஊற்றுவதா தாளிப்பதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்பதும், பிறந்து வளர்ந்த தெருவிலேயே வீடு தெரியாமல் திரும்புவதும், சாப்பிட்டு அரைமணி நேரத்தில் "எனக்கு இன்னும் சோறு போடல" என்று அழுவதும்தான் வியாதி. ஜெர்மனியில் அலோய்ஸ் ஆல்சைமர் என்கிற மருத்துவர் 1906-ல் முதன்முதலாக இப்படிப்பட்ட ஒரு பெண்மணியின் நிலையை மருத்துவர்கள் கூட்டத்தில் விவரித்தார். அவர் பேராலே ஆல்சைமர் என்கிறோம். மறதி வியாதி உள்ளவர்களில் 100-க்கு 60 முதல் 70 பேருக்கு இந்த வகைதான். அடுத்தபடியாக, மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்து வருகிற வகை. பிரஷரையும் சுகரையும் கவனியாமல் விட்டால் அதற்கு வழி திறந்து கொடுத்தது போல. நம்முடைய தேசத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சற்று அதிகமாக, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்படியானால் ஐம்பது முதியவர்கள் வருகிற ஒரு சபையில் மூன்று நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சபையில் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

"பாஸ்டர், இது பிசாசின் கட்டு, உபவாசம் போட்டு ஜெபித்தால் போதும்" என்று சொல்லுகிறவர்கள் நம்மிடத்தில் உண்டு. ஜெபிப்போம், ஜெபிக்காமல் எப்படி? ஆனால் சுகர் மாத்திரை சாப்பிடுகிற 75 வயது அம்மாவுக்கு மாத்திரையை நிறுத்தி உபவாசம் போடச் சொல்லுகிற அதிகாரத்தை யாருக்கும் நான் கொடுக்கவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். காரணம் இருக்கிறது. மறதி போலத் தெரிகிற எல்லாமே தீராத வியாதி அல்ல. வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டினாலும், மனச்சோர்வு இருந்தாலும், சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் போனாலும் இப்படி வரலாம். இவைகளுக்கு வைத்தியம் உண்டு. நேற்று வரை நன்றாயிருந்தவர் இரண்டே நாளில் குழம்பிப் பேசுகிறார் என்றால், சிறுநீரில் கிருமி ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆல்சைமர் இரண்டு நாளில் வருகிறதில்லை, அது வருஷக்கணக்காக மெதுவாய் வரும்.

மெதுவாய் வருகிறது என்பதில் ஒரு நன்மையும் உண்டு. ஆரம்ப நாட்களில் அவர்களுக்குத் தங்கள் விருப்பத்தைச் சொல்ல முடியும், கையெழுத்துப் போட முடியும். அந்த நாட்கள்தான் நமக்கு இருக்கிற நாட்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். நம்முடைய சபையார் அல்ல, ஊர் பேர் வேண்டாம். இரண்டு மகன்கள் தாயாரை ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்தார்கள். அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு அம்மா பேரில் இருக்கிற அரை ஏக்கர் நிலத்தை விற்க வேண்டும். வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நான் ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய், "அம்மா, எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "தம்பி, இது எந்தக் கோயில்? கொடை முடிஞ்சுதா?" என்றார்கள்.

சார்பதிவாளரும் அந்த அம்மாவிடம் நாலு கேள்வி கேட்டார், முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தவறில்லை. எழுதிக்கொடுக்கிறவர் புத்தி சுவாதீனமாயில்லை என்று தெரிந்தால் பதிவு செய்யக்கூடாதென்று பதிவுச் சட்டமே சொல்கிறது. மூத்த மகன் உடனே பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். "சார், அம்மா ஆறு வருஷத்துக்கு முந்தியே எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றார். முறையாகப் பதிவு செய்த பொது அதிகாரப் பத்திரம்தான். ஆனாலும் அது உதவவில்லை.

இதை நம்மில் பெரும்பாலானோர் அறியவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் மரித்தாலும் பவர் முடிந்தது, அவர் புத்தி சுவாதீனம் இழந்தாலும் பவர் முடிந்தது. வேறு சில தேசங்களில், நினைவு தவறிய பிறகும் செல்லுகிற விதமாகப் பவர் எழுதச் சட்டம் உண்டு. இங்கே அப்படி இல்லை. எந்தச் சமயத்துக்காக அந்தத் தாயார் பவர் எழுதிக் கொடுத்தார்களோ, அந்தச் சமயம் வந்தபோது அது வெறும் காகிதமாகிவிட்டது. தெரியாமல் அதை வைத்துக் கிரயம் செய்தாலும் பின்னால் வழக்குக்கு இடமாகும், வாங்கினவரும் மாட்டிக்கொள்வார்.

அந்த மகன்கள் மோசக்காரர் அல்ல. தாயாருடைய வைத்தியத்துக்குத்தான் தாயாருடைய நிலத்தை விற்க வந்தார்கள். முடிவில் மருமகள்மார் நகையை அடகு வைத்தார்கள். நிலத்தை விற்க வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். மறதி வியாதிக்காரருக்குக் காப்பாளர் நியமிக்க எளிதான தனிச் சட்டம் இங்கே இல்லாததால், பல குடும்பங்கள் உயர்நீதிமன்றம் வரை போகின்றன. 2024-ல் சென்னை உயர்நீதிமன்றம், கோமாவில் கிடந்த ஒருவருடைய மனைவியைக் காப்பாளராக நியமித்து, அவர் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க அனுமதி கொடுத்தது. அதுவும் முதலில் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகே கிடைத்தது. வக்கீல் பீஸ், அலைச்சல், நாட்கள். அதுவரைக்கும் இடுப்பெலும்பு காத்திருக்குமா?

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது உயில். கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். புத்தி தெளிவாயுள்ளவர் எழுதி, இரண்டு சாட்சிகள் அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், பதிவு கட்டாயமல்ல. ஆனாலும் நான் பதிவு செய்யவே சொல்லுவேன், பின்னால் "அப்பாவுக்கு அப்போ நினைவே இல்லை" என்று யாரும் எழும்புகிறது குறையும். வியாதி ஆரம்பித்திருந்தால், அன்றைய தேதியில் அவர் தெளிவாயிருந்தார் என்று ஒரு டாக்டரின் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் "டிமென்ஷியா" என்று சீட்டில் எழிதிய மாத்திரத்திலே ஒருவர் உயில் எழுதும் உரிமையை இழந்துவிடுகிறதில்லை. எழுதுகிற அந்த வேளையில், தான் என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். நடக்க முடியாதவர்களுக்காகப் பதிவு அதிகாரி வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் வழியுண்டு.

சாட்சி விஷயத்தில் நம்முடைய ஜனங்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. உயிலில் பங்கு பெறுகிறவரோ அவர் கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், கிறிஸ்தவர்களுக்குரிய 67-ம் பிரிவின்படி அந்தப் பங்கு அவர்களுக்குக் கிடைக்காமல் போகும். நல்லெண்ணத்தோடு மருமகனைக் கூப்பிட்டுச் சாட்சி போட வைத்து, மகளின் பங்கைக் கெடுத்துவிடாதீர்கள்.

உயில் மரணத்துக்குப் பிறகுதான் பேசும், உயிரோடிருக்கும்வரை மாற்றி எழுதலாம். தான செட்டில்மெண்டு அப்படியல்ல. பதிவு செய்த நாளிலேயே சொத்து கை மாறிவிடுகிறது. "எல்லாம் மகனுக்குத்தானே, இப்பவே எழுதிட்டா நிம்மதி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் கட்டில் போடப்பட்ட பெரியவர்களை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். செட்டில்மெண்டு எழுதத்தான் வேண்டுமென்றால், ஆயுள் வரைக்கும் குடியிருக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமையை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பராமரிக்க வேண்டும் என்கிற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு இப்படிப்பட்ட நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே ரத்து செய்ய இடங்கொடுக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

பேங்குக் கணக்கு ஒருவர் பேரில் மட்டும் இருந்தால், அவர் கையெழுத்து மாறிப்போகிற அன்றைக்கு வீட்டில் பால் வாங்கப் பணமிருக்காது. கணவன் மனைவி, அல்லது நம்பகமான ஒரு பிள்ளையோடு, இருவரில் எவரும் எடுக்கலாம் என்கிற விதமாகக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். டெபாசிட்டுகளையும் கூடவே. சேர்க்கிற ஆள் முழுவதையும் எடுக்க முடியும் என்பதையும் மறவாதேயுங்கள். நாமினி போட்டாயிற்று என்று சும்மா இருக்க வேண்டாம், நாமினிக்குக் கணக்குக்காரர் மரித்த பிறகுதான் வேலை. அதுவும் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவராகத்தான். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

வைத்தியத் தீர்மானங்களுக்கு வேறு சட்டம். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நினைவும் இடம் காலம் அறிகிற உணர்வும் கெட்டுப்போகிற வியாதிகளும் அதில் அடங்கும். அப்படிப்பட்ட சமயத்தில் எனக்காகப் பேச இன்னார் என்று ஒருவரை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு நியமிக்கலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பர்சிலா கிம்காமைப் பேர் சொன்னதுபோலப் பேர் சொல்லுங்கள். ஆனால் இது வைத்தியத்துக்கு மட்டும், சொத்துக்குச் செல்லாது.

கடைசிக் காலத்து வைத்தியத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2018-ல் ஒரு தீர்ப்புக் கொடுத்து, 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்பாகக் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால், பிழைக்க வழியில்லாத நிலையில் இயந்திரங்களை வைத்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். எழுதித்தான் ஆக வேண்டுமென்று நான் சொல்லவில்லை. ஆனால் பேசியாவது வையுங்கள். இந்த வியாதி முற்றும்போது விழுங்குகிறது கஷ்டமாகும், மூக்கில் குழாய் வைக்கவா என்று டாக்டர் கேட்பார். இந்தக் கட்டத்தில் குழாயினால் ஆயுசு நீள்கிறதென்று நிரூபணமில்லை, பொறுமையாய்க் கையால் ஊட்டுவதே மேல் என்பது முதியோர் வைத்தியர்கள் அநேகரின் ஆலோசனை. அப்போது ஐ.சி.யூ. வாசலில் அண்ணனும் தம்பியும் சண்டை போடுவதைக் காட்டிலும், அப்பா நல்லாயிருக்கும்போதே, "ஏன்ப்பா, உங்களுக்கு எப்படி வேணும்?" என்று கேட்டு வைப்பது நல்லதல்லவா?

இது அவிசுவாசம், மரணத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பீர்களானால், யாக்கோபைப் பாருங்கள். மக்பேலாவிலே தன்னை அடக்கம் பண்ண வேண்டுமென்று பன்னிரண்டு பேரையும் கூட்டி வைத்துச் சொன்னார். யோசேப்பு தன் எலும்புகளைக் குறித்துக் கட்டளை கொடுத்ததை விசுவாசத்தின் செயலென்றே எபிரெயர் நிருபம் எண்ணுகிறது. எதிர்மாறாக, 1 இராஜாக்கள் முதலாம் அதிகாரத்தில் தாவீதின் வீட்டைப் பாருங்கள். தாவீதுக்கு மறதி வியாதி என்று நான் சொல்லவில்லை, வேதம் சொல்லாததை நாமும் சொல்லக்கூடாது. ஆனால் சாலொமோன்தான் ராஜா என்று பத்சேபாளுக்குச் சொல்லியிருந்ததை ஜனத்துக்கு முன்பாக வெளியரங்கமாய்ச் செய்து முடிக்கவில்லை. ராஜா படுக்கையிலே குளிரினால் வாடிக்கொண்டிருக்கையில், அதோனியா ஊர் கூட்டி விருந்து வைத்துவிட்டான். மனைவிக்கு மட்டும் ரகசியமாய்ச் சொல்லி வைத்த ஏற்பாடு ஏற்பாடாகாது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள், வெளியூரிலிருப்பவரைப் போனிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை, இதைச் சிலர் விரும்பமாட்டார்கள். நினைவு தடுமாறுகிற ஒரு தாயார் ஒரே மாதத்தில் மூன்று தரம் தசமபாகம் கொண்டு வந்தால், அதை வாங்கிப் பெட்டியில் போடுகிறவன் ஊழியக்காரனல்ல. வீட்டாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஈசாக்குக்குக் கண் தெரியாததைத் தெரிந்துகொண்டு, கையிலே ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு போய் ஆசீர்வாதம் வாங்கின சம்பவம் அந்தக் குடும்பத்தை எத்தனை வருஷம் பிரித்து வைத்தது? அன்று ஆட்டுத்தோல், இன்று கைநாட்டு. கிறிஸ்தவர் ஒருவர் உயிலால் சமயக் காரியங்களுக்குச் சொத்தை விட முன்பு ஒரு தடை இருந்தது. நெருங்கின உறவினர் இருந்தால் மரணத்துக்கு 12 மாதம் முன்பே உயிலெழுதி, ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2003-ல் அந்த 118-ம் பிரிவைச் செல்லாதென்று நீக்கியது. சட்டத்தின் வேலி போய்விட்டதால் நம்முடைய மனசாட்சியின் வேலி இன்னும் உயரமாயிருக்க வேண்டும். சபைக்கு எழுதி வைக்க விரும்புகிறவர்கள் தெளிவாயிருக்கும்போதே, பிள்ளைகளுக்குத் தெரிய, தங்கள் சொந்த வக்கீலை வைத்து எழுதட்டும். நான் அந்த உயிலுக்குச் சாட்சி போடமாட்டேன்.

இனி வீட்டுப் பாதுகாப்பு. காகிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்கிறவர்கள் இதையாவது இன்றைக்கே செய்யுங்கள்.

சமையல் முடிந்ததும் கேஸை ரெகுலேட்டரிலேயே மூடுங்கள், அடுப்புத் திருகில் மட்டுமல்ல. பாத்ரூம் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் அலறுகிறது அடிக்கடி நடக்கிறது. பினாயில், ஆசிட், வயலுக்கு அடிக்கிற மருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், தாகத்துக்கு எந்தப் பாட்டிலையும் எடுத்துக் குடிப்பார்கள். கொல்லையில் கிணறிருந்தால் கம்பி மூடி போடுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். மாத்திரை டப்பா அவர்கள் கையில் இருக்க வேண்டாம், போட்டதை மறந்து மறுபடியும் போடுவார்கள். டி.வி.எஸ். ஓட்டுகிற தாத்தாவிடமிருந்து சாவியை வாங்குவதுதான் மிகவும் கஷ்டம். "உங்களுக்கு ஓட்டத் தெரியாது" என்றால் ரோஷம் வரும். டாக்டரைச் சொல்ல வையுங்கள், டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

செல்போனைக் கவனியுங்கள். போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பை உருவுகிற கூட்டம் இருக்கிறது. அப்படி ஒரு கைது நம்முடைய சட்டத்தில் கிடையாது. பணம் அனுப்புகிற வசதியை அந்தப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள், பெரிய தொகை வேறு கணக்கில் இருக்கட்டும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வீட்டைவிட்டுப் போய்விடுகிறதுதான் குடும்பத்தாரைத் தூங்கவிடாத பயம். பொழுது சாயும் நேரத்தில் பலருக்கு ஒரு தவிப்பு வரும், "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு சொல்வார்கள். "இதுதாம்மா உங்க வீடு" என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கையைப் பிடித்து இரண்டு தெரு நடத்திக் கூட்டி வந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டிப் போடாதீர்கள். பேரும் போன் நம்பரும் எழுதின அட்டையை மேல்சட்டையின் உள்பையிலோ சேலைத் தலைப்பிலோ வைத்துத் தைத்துவிடுங்கள், கழுத்தில் தொங்கவிட்டால் கழற்றிப் போட்டுவிடுவார்கள். காணவில்லை என்றால் 24 மணி நேரம் பொறுக்க வேண்டுமென்று சட்டம் ஒன்றுமில்லை. உடனே 112-ஐக் கூப்பிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள், முதலில் குளம் கிணறு ரயில் பாதை பக்கம் ஆளை அனுப்புங்கள், பிறகு அவர்கள் சிறுவயதில் வாழ்ந்த தெருவுக்கு.

எங்கே வைத்துப் பராமரிப்பது என்பதிலே ஒரு வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். மூத்தவன் வீட்டில் இரண்டு மாதம், இளையவன் வீட்டில் இரண்டு மாதம் என்று பெற்றோரைப் பங்கு போடுகிறோம். நல்ல நினைவுள்ளவர்களுக்கே அது வேதனை. மறதி வியாதிக்காரருக்கு ஒவ்வொரு இடமாற்றமும் தலையைச் சுற்றி விட்டது போல, பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதையே திரும்பக் கற்க வேண்டும், கற்கவும் முடியாது. ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பணத்தாலும் ஆளாகவும் வந்து பங்கெடுங்கள். பர்சிலா தன் ஊரை விட்டுப் போக மறுத்ததில் எவ்வளவு ஞானம்!

இந்தப் பாரத்தைச் சுமக்கிறது பெரும்பாலும் ஒரு மருமகளோ கலியாணமாகாத ஒரு மகளோதான். அவர்களுக்கு ராத்திரி தூக்கமில்லை, ஆராதனைக்கு வந்து வருஷமாகிறது. "சிஸ்டரை ஏன் கூட்டத்தில் காணோம்?" என்று விசாரிப்பதைவிட, வாரத்தில் ஒருநாள் இரண்டு மணி நேரம் நீங்கள் போய் அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து, அவளை வெளியே அனுப்புங்கள். போனால் பாடுங்கள். மகன் பேரை மறந்தவர்கள் பழைய கீர்த்தனையின் நாலு சரணத்தையும் பிசகாமல் பாடுவதை நீங்களே பார்ப்பீர்கள். இசையின் நினைவு கடைசிவரை நிற்கிறதென்று மருத்துவரும் சொல்கிறார்கள். வழிகாட்டுதல் வேண்டுமானால் 1992-ல் கேரளத்தில் தொடங்கின இந்திய ஆல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம் இருக்கிறது. முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணிலும் தமிழில் பேசலாம்.

வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒரு மணி நேரம் இருங்கள். பத்திரம், பட்டா, பேங்குப் புத்தகம் இவைகளின் நகலை மட்டும் கொண்டு வாருங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும். உயில் எழுத விரும்புகிறவர்களுக்கு வழி சொல்ல ஒரு வக்கீல் வருகிறார், பணம் கேட்கமாட்டார். பெரியவர்களுடைய சமீபத்திய போட்டோ ஒன்றையும் எடுத்து வாருங்கள், பின்பக்கத்தில் உயரம், அடையாள மச்சம், சாப்பிடுகிற மாத்திரைகள், அவர்கள் சிறுவயதில் வாழ்ந்த ஊர், தெரு இவைகளை எழுதிக்கொண்டு வந்தால் போதும்.